நாட்டிய புல்லும் நாடிழந்த மக்களும்

ஒரு பொருளை அழித்தவர் அதனைத் தம் கையாலேயே மீண்டும் ஆக்கி வைப்பாராயின், அவர் ஏற்ற பழி தீர்ந்துவிடுமா? வெட்டிய மரத்துக்கு ஈடாக ஒரு கன்று நடுவதற்கு உலகியலில் மதிப்புண்டு. ஆயின், அழிக்கப்பட்டது ஒரு கண்டத்தின் நடுப்பகுதியைப் போர்த்தியிருந்த புல்வெளியாகவும், அப்புல்வெளியோடு வாழ்ந்த மக்களின் வாழ்வாகவும் இருக்கும்போது, 'மீண்டும் ஆக்குதல்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? இவ்வினாவை நூலகத்தில் இருந்துகொண்டு எழுப்புவதிலும் பார்க்க, விடை தேடி மனிதர் உழைத்த ஒரு நிலத்திலே நின்று எழுப்புவது தகும். அத்தகைய நிலமொன்று ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகராகிய மடிசனில் இருக்கின்றது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்துக்கு உரிய, ஏறக்குறைய 70 ஏக்கர் பரப்புள்ள கேர்ட்டிஸ் பிரேரி என்பதே அது.

செப்டெம்பர் மாதத்தின் முற்பகுதியில், இலையுதிர்காலம் தலைகாட்டும் வேளையில், அதன் ஒற்றையடிப் பாதையில் நாம் நடந்து செல்வதாகக் கொள்வோம். புல்வெளி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது காலடியில் மிதிபடும் பசுந்தரையே. இங்கோ புல் நம்மைவிட உயர்ந்து நிற்கின்றது. பெரு நீலத்தண்டுப் புல் எனப்படுவது கோடை முழுதும் வளர்ந்து, இக்காலத்தில் ஊதாவும் செம்பும் கலந்த நிறமெய்தி, உச்சியில் வான்கோழியின் பாதம்போல மூன்றாகக் கிளைத்த கதிரோடு காற்றில் அசைகின்றது. அதனருகே இந்தியப் புல் எனப் பெயர்பெற்ற மற்றொன்று பொன்னிறக் கதிர் தாங்கி நிற்கின்றது. இவையிரண்டும் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. கரும்பும் சோளமும் வெட்டிவேரும், மலைநாட்டுச் சரிவுகளில் வளரும் மானாப்புல்லும் அடங்கிய அதே புற்குலத்தைச் சேர்ந்தவையே இவையும்.

புல்லினிடையே பூக்களும் உள்ளன. 'கோல்டன்றொட்' எனப்படும் செடியின் மஞ்சட் கொத்துகளும், அஸ்டர்களின் ஊதா மலர்களும் இப்பருவத்துக்கே உரியவை. ஈரம் மிக்க இடங்களிலே ஒருவகை ஜென்ஷியன் தன் நீல மலரை ஒருபோதும் விரிக்காமல் குப்பிபோல மூடியே வைத்திருக்கின்றது. பருத்த உடலும் வலிமையும் கொண்ட பம்பிள் தேனீயே அதனை நெம்பித் திறந்து உட்புகவல்லது. திசைகாட்டிச் செடியின் பூக்காலம் முடிந்துவிட்டது. எனினும் அதன் பெரிய இலைகள் தம் ஓரங்களை வடக்கும் தெற்கும் நோக்கி நிறுத்தி, நண்பகல் வெயிலின் கடுமையைத் தவிர்த்து நிற்பதை இப்போதும் காணலாம். நம் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாற்செடியின் இலையைத் தின்று வளர்ந்த மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள், மெக்சிக்கோவின் மலைக்காடுகளை நோக்கித் தெற்கே புறப்படும் காலமும் இதுவே.

கண்ணுக்குத் தெரியும் இக்காட்சி முழுமையில் ஒரு பாதிதானும் அன்று. பிரேரியின் உயிர்ப்பொருளிற் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வேராக உள்ளது. திசைகாட்டிச் செடியின் வேர் 4 மீற்றருக்கும் கீழே இறங்கவல்லது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆண்டுதோறும் வளர்ந்தும் மடிந்தும் வந்த இவ்வேர்களே அமெரிக்க நடுநாட்டின் கரிய மண்ணை ஆக்கின. உலகின் சோள வயல்களிற் சிறந்தவை எனப் பின்னர் போற்றப்பட்ட நிலம் எவருடைய முதலீட்டாலும் விளைந்ததன்று. புல் சேமித்து வைத்த செல்வம் அது.

நாம் காணும் இப்புல்வெளி தொன்றுதொட்டு இங்கே இருந்ததென்று ஒருவர் எண்ணக்கூடும். அது பிழை. 1930களின் தொடக்கத்தில் இது கைவிடப்பட்ட வயலும் குதிரை மேய்ந்த தரையுமாக இருந்தது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அந்நாட்களில், வேலையற்ற இளைஞருக்காக அரசாங்கம் 1933 இல் அமைத்த வேலைப்படையின் முகாமொன்று 1935 இல் இங்கே நிறுவப்பட்டது. மாதம் 30 டொலர் கூலி. அதில் ஏறக்குறைய 25 டொலர் வீட்டுக்கு அனுப்பப்படும். அவ்விளைஞர், தாவரவியலாளர் தியடோர் ஸ்பெரியின் மேற்பார்வையில், எஞ்சியிருந்த சிறு பிரேரித் துண்டுகளிலிருந்து விதைகளைச் சேகரித்தும், மண்ணோடு வெட்டியெடுத்த புற்பாளங்களை வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்தும் இங்கே நட்டனர். அவ்வாண்டுகளிலேதான், மேற்கே மேலும் வறண்ட சமவெளிகளில், உழுது புரட்டப்பட்ட மண் தூசிப் புயலாக எழுந்து பகலை இருளாக்கியது. ஒரு சமுதாயம் தன் நிலத்தையும் தன் இளைஞரையும் ஒருசேரப் பயனற்றோராக்கிய காலத்தில், பயனற்றவர் எனப்பட்ட அவ்விளைஞரின் கைகளே பயனற்றதெனப்பட்ட புல்லை நட்டன. உலகில் முதன்முதலாக அறிவியல் முறையில் மீட்கப்பட்ட புல்வெளி என இன்று பெருமையோடு கூறப்படும் இவ்விடத்தில், இயற்கை என நாம் வியப்பதன் அடியில் உழைப்பு இருக்கின்றது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, மீட்கவேண்டிய நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை நோக்குவோம். நெடும்புல் பிரேரி ஒரு காலத்தில் ஏறக்குறைய 17 கோடி ஏக்கரில் பரந்து கிடந்தது. இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி, கலப்பை இறங்கமுடியாத கற்பாங்கான கன்சாஸ் மேட்டுநிலங்களில் உள்ளது. இலினோய் மாநிலத்தில் 2 கோடியே 20 இலட்சம் ஏக்கர் பிரேரி இருந்தது. 1970களில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்போது கெடாத நிலையில் எஞ்சியிருந்தது ஏறக்குறைய 2,300 ஏக்கர் மட்டுமே. பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்க. எஞ்சியவையும் எங்கே எஞ்சின? பழைய இடுகாடுகளின் மூலைகளிலும், புகையிரதப் பாதைகளின் ஓரங்களிலுமே. இறந்தோருக்கு ஒதுக்கிய மண்ணிலேதான் உயிருள்ள பிரேரி ஒளிந்து பிழைத்தது. அவ்வாறான ஓர் இடுகாட்டு மூலையில் வளர்ந்த திசைகாட்டிச் செடி வீதிப் பணியாளரால் வெட்டப்பட்டதைப் பற்றி அல்டோ லியோபோல்ட் எழுதியுள்ளார். 1949 இல் வெளிவந்த அவரது நூலில் அதனைக் காணலாம்.

இவ்வழிவின் கருவியாக வழக்கமாகக் குறிப்பிடப்படுவது 1837 இல் ஜோன் டியர் என்னும் கொல்லர் இலினோயில் செய்த உருக்குக் கலப்பையாகும். பசைபோல ஒட்டும் பிரேரி மண்ணை வார்ப்பிரும்புக் கலப்பையால் எளிதில் உழ முடியவில்லை. வழவழப்பான உருக்கு அதனைப் பிளந்தது. ஆயினும், கருவியையே காரணமாகக் கொள்வது நேர்மையன்று. கலப்பை மண்ணைத் தொடுமுன்பே நிலம் தாளிலே வெட்டப்பட்டுவிட்டது. 1785 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் நாட்டைச் சதுரங்களாக அளந்து, ஒவ்வொரு சதுரத்தையும் 640 ஏக்கராக வகுத்து விற்பனைக்கு வைத்தது. ஆறும் மேடும் சதுப்பும் புல்லும் அச்சதுரங்களுக்கு ஒரு பொருட்டல்ல. 1850 இல் இலினோய் சென்றல் புகையிரதக் கம்பனியின் பாதைக்காக மட்டும் வழங்கப்பட்ட காணி ஏறக்குறைய 25 இலட்சம் ஏக்கர். 1862 இல் வந்த வீட்டுக்காணிச் சட்டம் குடியேறியவருக்கு 160 ஏக்கர் வீதம் அளித்தது. ஐரோப்பாவில் வறுமையாலும் நிலமின்மையாலும் துரத்தப்பட்டு வந்த ஏழைக் கமக்காரர் பலர் அக்கலப்பையைப் பிடித்தனர் என்பது உண்மை. அவர்களை வில்லன்களாகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. தாம் இழந்த நிலத்துக்கு ஈடாக, பிறரிடமிருந்து பறித்த நிலம் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. ஏழையின் பசியைக் கொண்டே மற்றோர் ஏழையை வெளியேற்றுவது ஆளும் வர்க்கங்கள் எங்கும் கையாண்டுள்ள முறையாகும்.

வெளியேற்றப்பட்டோர் யார்? நாம் நடக்கும் இந்நிலம் ஹோ-சங்க் மக்களின் தாயகம். மடிசனைச் சூழ்ந்த ஏரிகளை வைத்து இவ்விடத்துக்கு 'நான்கு ஏரிகள்' எனப் பொருள்படும் பெயரை அவர்கள் தம் மொழியில் வழங்கினர். 1832 செப்டெம்பரில், அண்மையில் நடந்த போரின் அச்சுறுத்தல் நிலவிய சூழலில், இப்பகுதியைக் கையளிக்கும் உடன்படிக்கையில் அவர்கள் கையொப்பமிட நேர்ந்தது. அதன்பின் அவர்கள் ஐயோவாவுக்கும், மினசோட்டாவுக்கும், தென் டக்கோட்டாவுக்கும், நெப்ராஸ்காவுக்குமாக மாறிமாறித் துரத்தப்பட்டனர். ஒவ்வொரு முறையும் அவர்களிற் பலர் திரும்பி வந்தனர். 1873-74 குளிர்காலத்திலும் படையினர் அவர்களைப் பிடித்து அனுப்பினர். அப்போதும் பலர் திரும்பினர். மீட்பு என்னும் சொல்லைப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துவதற்கு முன்பே, தம் நிலத்தைக் கால்நடையாக மீட்க முயன்றவர்கள் அவர்கள்.

இம்மக்களுக்கும் புல்லுக்கும் இருந்த தொடர்பு வெறும் வாழிடத் தொடர்பு அன்று. பிரேரியின் கிழக்குப் பகுதியில் மழை போதிய அளவு பெய்வதால், தீ இல்லாவிடின் புதரும் மரமும் புல்லை மூடிவிடும். அத்தீயை மின்னல் மட்டும் மூட்டவில்லை. வேட்டைக்காகவும், புதுப்புல் தழைப்பதற்காகவும், வழி தெளிவதற்காகவும் அந்நாட்டு மக்களே காலமறிந்து மூட்டினர். குடியேறியவர்கள் தீயை அடக்கினார்கள். நட்ட புல்வெளியிலும் ஐரோப்பியப் புல்லினங்கள் புகுந்து மேலோங்கின. 1940களில் ஜோன் கேர்ட்டிஸ் முதலிய ஆய்வாளர் இங்கே தீயிட்டுச் சோதனை செய்து, எரித்த இடத்திலே பிரேரிச் செடிகள் தழைப்பதைக் கண்டனர். இவ்வெளி இன்று தாங்குவது அவருடைய பெயரையே. ஆய்வாளரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், துரத்தப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட அறிவே, அவர்கள் போனபின் புதுக் கண்டுபிடிப்பாகப் பதிவாயிற்று என்பதைக் கூறாமல் விடுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இவ்விடத்திலே மெய்யியலாளரின் வாதத்தைக் கவனித்தல் பொருந்தும். 1982 இல் ஆஸ்திரேலியரான றொபேர்ட் எலியட், மீட்கப்பட்ட இயற்கை போலி ஓவியம் போன்றது என வாதிட்டார். நிறமும் வடிவமும் மூலத்தை ஒத்திருப்பினும், அது தோன்றிய வரலாறு வேறு. ஆதலால் அதன் மதிப்பும் வேறு என்பது அவர் கருத்து. 1992 இல் அமெரிக்கரான எரிக் கற்ஸ் இன்னும் கடுமையாக, மனிதன் இயற்கையை மீட்டுத் தரமுடியும் என்பதே பெரும் பொய் என்றார். மனிதன் ஆக்குவது மனிதப் படைப்பே, அதன் உள்ளே இருப்பது அடக்கியாளும் எண்ணமே என்பது அவர் துணிபு. இவ்வாதங்களில் ஓர் உண்மை உண்டு. நாளை மீட்டுத் தருவோம் என்ற வாக்குறுதியைக் காட்டி இன்று அழிப்பதற்கு அனுமதி பெறும் சுரங்க முதலாளியின் முகமூடியை அவை கிழிக்கின்றன.

ஆயின், அவர்களது உவமை அடிப்படையிலேயே குறையுடையது. மனிதன் கைபடாத மூலம் ஒன்று இருந்தது எனக் கொண்டாலன்றோ, மனிதன் நட்டதைப் போலி எனலாம்? பிரேரியோ மனிதர் மூட்டிய தீயாலும் நிலைத்தது. 'கைபடாத இயற்கை' என்னும் கருத்து, அங்கே கைகள் இருந்தன என்பதை மறந்த பின்னரே பிறக்க முடியும். அம்மறதி தற்செயலானதன்று, ஆளில்லாத நிலம் என்று சொன்னாலன்றி அதனை எடுத்துக்கொள்வதற்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆகவே மீட்பைப் பழிப்பவரும், மீட்டுவிட்டோம் என மகிழ்பவரும் ஒரே தவற்றிற் கூடுகின்றனர். முன்னவர் மக்கள் இல்லாத புல்வெளியை இழந்ததாக வருந்துகின்றனர். பின்னவர் மக்கள் இல்லாத புல்வெளியை அடைந்ததாகக் களிக்கின்றனர்.

'சுதேசத் தாவரம்' என்னும் சொல்லையும் இங்கே சோதித்தல் வேண்டும். ஒரு மண்ணின் பூச்சியும் பறவையும் எந்தச் செடிகளோடு சேர்ந்து வளர்ந்தன என்பதைக் குறிக்குமளவில் அது பயனுள்ள அறிவியற் சொல்லாகும். செடியின் எல்லையைத் தாண்டி மனிதர்மீது பாயும்போது அதுவே நஞ்சாகின்றது. நாசி ஜெர்மனியில், 1942 இல், மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு செடியை ஒழிக்கவேண்டுமென எழுதிய தாவரவியலாளர், அம்முயற்சியைப் போல்ஷெவிசத்துக்கு எதிரான போரோடு ஒப்பிட்டனர். இதற்கு மாறாக, சிக்காகோப் பூங்கா ஒன்றில் 1888 இலேயே நாட்டுக் காட்டுமலர்களைக் கொண்டு 'அமெரிக்கத் தோட்டம்' அமைத்த ஜென்ஸ் ஜென்சன் யார் எனக் கேட்போமாயின், அவர் டென்மார்க்கிலிருந்து 1884 இல் வந்து குடியேறியவர். ஒரு மண்ணின் செடியை அன்போடு அறிந்து பேணுவதற்கு அம்மண்ணிலே பிறந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

நம் நாட்டு வரலாறு இதனை நமக்கு மறுபக்கத்திலிருந்து காட்டுகின்றது. வெளியிலிருந்து வந்த தேயிலைச் செடி இலங்கையின் பெயரைத் தாங்கி உலகெங்கும் பெருமை பெற்றது. அச்செடியை நட்டுக் கொழுந்து பறித்த மக்களோ 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். அக்குறையின் எச்சத்தை நீக்க 2003 இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. விஸ்கொன்சினிலோ புல் சுதேசி எனப் போற்றப்பட, அந்நிலத்தின் மக்கள் அகற்றப்பட்டனர். இரண்டு நிலைகளிலும் செடிக்குக் கிடைத்த குடியுரிமை மனிதனுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றில் இலாபமும் மற்றொன்றில் அழகும் கொள்ளப்பட்டன, மனிதன் தள்ளப்பட்டான்.

அங்ஙனமாயின், மீண்டும் நடுதல் வீண்செயலா? அன்று. 1935 இல் புற்பாளம் சுமந்த இளைஞரின் உழைப்பு வீணாகவில்லை. அழிந்த பல செடிகளின் விதை இன்றும் கிடைப்பதற்கு அத்தகைய உழைப்பே காரணம். நடுதல், கடன் பட்டிருக்கின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளும் செயலாகும். கடனை ஒப்புக்கொள்வது கடனைத் தீர்ப்பதாகாது. யாருக்குக் கடன் என்ற கேள்வி அடுத்து எழுகின்றது. புல்லுக்கு மட்டும் என்று விடை கூறுபவர், எளிதாகத் தீர்க்கக்கூடிய கடனை மட்டும் கணக்கில் எழுதுகின்றார். புல் நிலவுரிமை கேட்பதில்லை, வழக்குத் தொடுப்பதுமில்லை.

கேட்பவர்களின் குரல் சில இடங்களில் இப்போது செவியேறத் தொடங்கியுள்ளது. பொட்டவற்றமி மக்களின் தலைவரான சாபெனே என்பவருக்கு 1829 ஆம் ஆண்டு உடன்படிக்கை இலினோயில் 1,280 ஏக்கர் காணியை ஒதுக்கியது. அவர் கன்சாசில் உறவினரைக் காணச் சென்றிருந்தபோது, 1849 இல், அரசாங்கம் அதனை ஏலத்தில் விற்றுவிட்டது. 175 ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்பிரிலில், அதில் 130 ஏக்கர் அவர் மக்களின் காணியாக மத்திய அரசினால் ஏற்கப்பட்டது. 2025 இல் அவ்விடத்து மாநிலப் பூங்காவை அவர்களிடம் கையளிப்பதற்கு இலினோய் மாநிலம் சட்டம் இயற்றியது. விஸ்கொன்சினில், மடிசனுக்கு வடமேற்கே சோக் பிரேரியில், 1942 இல் கமக்காரரை எழுப்பிவிட்டு அமைக்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை, வியட்நாம் போர்க்காலம்வரை வெடிமருந்து உற்பத்தி செய்தது. அத்தொழிற்சாலை மூடப்பட்டபின், 2014 டிசெம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி ஏறக்குறைய 1,500 ஏக்கர் ஹோ-சங்க் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே அவர்களே இப்போது பிரேரியை மீட்டு வருகின்றனர். இழந்ததோடு ஒப்பிட இவை சிறு துண்டுகளே. ஆயினும், புல் திரும்பும் நிலத்துக்கு மக்களும் திரும்பக்கூடும் என்பதற்கு இவை சான்றாகின்றன. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது கற்பனாவாதம் எனக் கூறுவோர்க்கு இவை போதிய மறுமொழியாகும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே: அழித்ததை மீண்டும் நட்டவர் நல்ல வேலை ஒன்றைத் தொடங்கியவர், பழி தீர்ந்தவர் அல்லர். எந்த நிலத்தில் நடுகின்றோம், அது எவரிடமிருந்து எவ்வாறு வந்தது, அதனைப் பேணும் அறிவு எவருடையது, விளையும் பயனில் அவருக்குப் பங்கு உண்டா என்னும் கேள்விகளையும் அவ்வேலையோடு சேர்த்துக் கேட்கும் வரையில் அது பாதி வேலையாகவே நிற்கும். மாணவரைத் தாவரத் தோட்டத்துக்கோ காட்டுக்கோ அழைத்துச் செல்லும் ஆசிரியர், செடியின் பெயரையும் குடும்பத்தையும் கற்பிக்கட்டும். அது அவசியமான கல்வி. அத்தோடு நில்லாது, அச்செடிக்கு முதலிற் பெயரிட்ட மக்கள் இன்று எங்கே வாழ்கின்றார்கள் என்னும் கேள்வியையும் வகுப்பிலே வைக்கட்டும். அக்கேள்விக்கு விடை தேடப் புறப்படும் மாணவர், தாவரவியலிலிருந்து காணிப் பதிவேடுகளுக்கும், அவற்றிலிருந்து சட்டமன்றத்துக்கும் செல்லவேண்டி நேரும். அவ்வழியை அவர்களுக்குத் திறந்துவிடுவது நம் கடமையாகும்.